நிரம்பிய குழாய்க்குள் ஒரு லாரித் தண்ணீர்

ஒரு மீட்டர் விட்டம், ஒரு கிலோமீட்டர் நீளம். இப்படி ஒரு எஃகுக் குழாயின் இரண்டு முனைகளையும் அடைத்துவிட்டுத் தண்ணீர் விட்டால் ஏறத்தாழ 7,85,000 லிட்டர் கொள்ளும். மேட்டுப் பக்கத்து வென்ட்டில் முதலில் காற்று சீறும், பிறகு காற்றும் தண்ணீரும் கலந்து துப்பும், கடைசியில் குமிழி நின்று தண்ணீர் மட்டும் சீராக வழியும். அப்போது வென்ட்டை மூடுவார்கள். குழாய் நிரம்பிவிட்டது, இனி ஒரு டம்ளர் ஊற்றக்கூட இடமில்லை என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். ஆனால் பிரஷர் பம்ப்பை ஓட்டி அதை 100 கிலோ அழுத்தத்துக்கு ஏற்ற வேண்டுமென்றால், நிரம்பிய அந்தக் குழாய்க்குள் இன்னும் 6,000 லிட்டர் போலத் தள்ள வேண்டும். ஒரு மெட்ரோ வாட்டர் லாரி கொள்கிற தண்ணீர். (பட்டறைப் பேச்சில் 'கிலோ' என்றால் ஒரு சதுர சென்டிமீட்டர் மேல் ஒரு கிலோ எடை, ஏறக்குறைய ஒரு பார், நம் தலைக்கு மேலுள்ள காற்று முழுவதும் தரும் அழுத்தம்.) சென்னைத் துறைமுகத்திலிருந்து மணலி சுத்திகரிப்பு ஆலைக்குக் கச்சா எண்ணெய் போகும் குழாயோ, எண்ணூரிலிருந்து தூத்துக்குடி நோக்கி எரிவாயு போகும் குழாயோ, எதுவானாலும் வேலைக்கு விடும் முன் இந்த ஹைட்ரோ டெஸ்ட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். பம்ப் பக்கத்தில் நிற்பவர் எத்தனை லிட்டருக்கு எத்தனை கிலோ ஏறியது என்று எழுதிக்கொண்டே வருவார். திரவத்தை அமுக்க முடியாது என்று பள்ளிக்கூடத்தில் படித்த அதே ஆள், தண்ணீர் எவ்வளவு அமுங்கியது என்பதை லிட்டர் கணக்கில் நோட்டில் எழுதுகிறார்.

இரண்டில் எது சரி? நோட்டுதான் சரி. ஆனால் பாடமும் பொய்யில்லை, அது ஒரு நல்ல தோராயம். தண்ணீர் அமுங்கும், மிகமிகக் கொஞ்சமாக. அந்தக் கொஞ்சத்தை ஒன்றுமில்லை என்று தள்ளிவிடுவதில்தான் கோளாறு. ராயபுரத்திலிருந்து காட்டுப்பள்ளி வரையுள்ள வடசென்னைக் கடற்கரையில் நடக்கிற பல காரியங்கள் தண்ணீர் அமுங்காததால் நடப்பவை என்று நினைக்கிறோம். அருகில் போய்ப் பார்த்தால், அது கொஞ்சம் அமுங்குவதால்தான் நடக்கின்றன.

அந்த 6,000 லிட்டரும் தண்ணீர் சுருங்கியதால் கிடைத்த இடமா, குழாய் புடைத்ததால் கிடைத்த இடமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எஃகும் விட்டுக்கொடுக்கிறது. குழாய்ச் சுவர் 16 மில்லிமீட்டர் தடிப்பு என்று வைத்துக் கணக்குப் போட்டால், இரண்டாயிரத்து ஐந்நூறு லிட்டர் அளவுக்கு இடம் குழாய் புடைத்ததால் வந்தது; மிச்சம் மூவாயிரத்து ஐந்நூறு தண்ணீர் தானே சுருங்கித் தந்த இடம். இப்படிப் பிரித்துச் சொல்ல மனிதனுக்கு வெகுகாலம் பிடித்தது. பிரான்சிஸ் பேக்கன் ஈய உருண்டைக்குள் தண்ணீரை அடைத்து, சுத்தியலால் அடித்தும் அழுத்தியும் பார்த்ததை 1620-இல் எழுதினார். உருண்டை நசுங்கியது, ஒரு கட்டத்துக்கு மேல் தண்ணீர் ஈயத்தின் வழியே வியர்வை போலக் கசிந்தது. ஃபிளாரன்ஸ் நகரத்து அறிஞர்கள் வெள்ளி உருண்டையில் செய்து பார்த்தபோதும் அதே கசிவுதான். உலோகத்தைத் துளைத்துக்கொண்டு போகுமே தவிரத் தண்ணீர் அமுங்காது என்ற எண்ணம் அதோடு ஊன்றிவிட்டது. கலத்தின் குணத்தையும் தண்ணீரின் குணத்தையும் பிரிக்க வழி தெரியாமல் போனதே காரணம்.

பிரித்துக் காட்டியவர் ஜான் கேன்டன், லண்டனில் பள்ளிக்கூட வாத்தியார். 1762-இல் அவர் செய்தது எளிமையான சோதனை. கண்ணாடிக் குமிழ் ஒன்று, அதிலிருந்து மேலே போகும் மயிரிழை போன்ற குழல். அதில் தண்ணீரை நிரப்பி, சுற்றியுள்ள காற்றைப் பம்ப்பால் உறிஞ்சி எடுத்தார். மேலே அழுத்திக்கொண்டிருந்த காற்று போனதும் குழலில் தண்ணீர் துளி ஏறியது. அமுக்கிப் பார்ப்பதற்குப் பதிலாக அமுக்கத்தை எடுத்துப் பார்த்தார். கண்ணாடி எவ்வளவு அசைந்திருக்கும் என்பதையும் கழித்துவிட்டு அவர் சொன்ன கணக்கு: ஒரு வளிமண்டல அழுத்தத்துக்குத் தண்ணீர் பத்து லட்சத்தில் 46 பங்கு சுருங்குகிறது. இன்றைய கருவிகள் சொல்வதும் கிட்டத்தட்ட அதுதான். ராயல் சொசைட்டியில் பலர் நம்பவில்லை, வாக்குவாதம் நடந்தது, கடைசியில் 1764-இல் அவருக்கே கோப்ளி பதக்கம் கொடுத்தார்கள். அவர் இன்னொன்றும் கவனித்தார்: தண்ணீர் கோடையைவிடக் குளிர்காலத்தில் அதிகம் அமுங்குகிறது. சாராயம் இதற்கு நேர்மாறு. பிறகு 1822-இல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட், கலத்தின் உள்ளேயும் வெளியேயும் ஒரே அழுத்தம் இருக்கும்படி ஒரு கருவி செய்து, கலம் புடைக்கும் தகராறையே பெரும்பாலும் ஒழித்துவிட்டார்.

குளிரில் ஏன் அதிகம் அமுங்க வேண்டும்? தண்ணீர் மூலக்கூறு ஒவ்வொன்றும் பக்கத்து மூலக்கூறுகளை ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொண்டிருக்கிறது. கை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கும் கூட்டம் போல, நடுவில் இடைவெளி இருக்கும். பனிக்கட்டியில் அந்த இடைவெளி முழுமையானது. அதனால்தான் அது மிதக்கிறது. குளிர்ந்த தண்ணீரில் அந்த அமைப்பின் மிச்சம் இருக்கிறது, அழுத்தினால் கைகள் மடங்கி இடைவெளி குறைகிறது. சூடு ஏற ஏற அந்த அமைப்பு தானே கலைந்து போவதால் அமுக்குவதற்கு மிச்சமிருப்பது குறைவு. ஏறத்தாழ 46 டிகிரி செல்சியஸில் தண்ணீர் தன் உச்சப் பிடிவாதத்தில் இருக்கிறது. அதற்கு மேல் சூடானால் மற்றத் திரவங்களைப் போல மறுபடி இளக ஆரம்பிக்கும். 46 கேன்டனின் எண்ணாகவும் இருப்பது வெறும் தற்செயல். கணக்கில் எளிதாக நினைவு வைக்க: 100 பார் அழுத்தத்துக்குத் தண்ணீர் அரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்கும். வீட்டுக் குழாயில் வரும் இரண்டு மூன்று பாருக்கு அது பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே. பாடப் புத்தகம் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டதில் குற்றமில்லை.

இந்தச் சிறிய எண்ணின் அருமை ஹைட்ரோ டெஸ்ட்டில் தெரிகிறது. குழாயையோ கொதிகலனையோ சோதிக்கக் காற்றை அடைத்தால் வேலை சுலபம். நிரப்ப வேண்டாம், வடிக்க வேண்டாம், துருப் பிடிக்காது. இருந்தும் தண்ணீரைத்தான் விடுகிறார்கள். அமுக்கிய பொருள் சுருள்வில்லைப் போல. எவ்வளவு தூரம் அமுங்கியதோ அவ்வளவு வேலையை உள்ளே சேர்த்து வைத்திருக்கும். ஒரு கன மீட்டர் தண்ணீரை 100 பாருக்கு அமுக்கினால் அதில் சேரும் ஆற்றல் சுமார் 22 கிலோஜூல். ஒரு டன் எடையை ஆளுயரத்துக்குச் சற்று மேலே தூக்கப் போதுமான அளவு. அதே கன மீட்டர் கலத்தில் 100 பார் காற்று இருந்தால், அது வெடித்து விரியும்போது வெளிவருவது சுமார் 18 மெகாஜூல். ஏறத்தாழ எண்ணூறு மடங்கு. நாலு கிலோ டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம். தண்ணீர் நிரம்பிய கலத்தில் வெல்டிங் பிளந்தால், கொஞ்சம் தண்ணீர் பீச்சியதுமே கேஜ் முள் விழுந்துவிடும், அதோடு சரி. காற்று நிரம்பிய கலம் பிளந்தால் துண்டுகள் பறக்கும்.

அப்படியென்றால் ஹைட்ரோ டெஸ்ட்டில் ஏன் ஆட்களுக்கு அடிபடுகிறது? அடிபடுவது உண்மை. புடைத்த எஃகு வைத்திருக்கும் ஆற்றல் ஒரு காரணம், சரியாக மாட்டாத பிளக் இன்னொன்று. ஆனால் பெரும் சந்தேகம் எப்போதும் உள்ளே மாட்டிக்கொண்ட காற்றின் மேல்தான். மேட்டில் ஓர் இடத்தில் வென்ட் இல்லாமல் போய் ஒரு காற்றுப் பை தங்கிவிட்டால், தண்ணீர்ச் சோதனை பாதி காற்றுச் சோதனை ஆகிவிடும். இங்கேதான் அந்த லிட்டர் நோட்டு உதவுகிறது. தண்ணீர் மட்டும் இருந்தால், தள்ளிய லிட்டரும் ஏறிய கிலோவும் நேர்கோட்டில் போகும். தொடக்கத்தில் லிட்டர் போய்க்கொண்டே இருந்து முள் மட்டும் மெதுவாக ஏறினால் உள்ளே காற்று இருக்கிறது. கடைசியில் கோடு வளைந்தால் எஃகு நெகிழ்கிறது. தண்ணீர் எவ்வளவு அமுங்கும் என்று துல்லியமாகத் தெரிந்திருப்பதால்தான், அதற்கு மேல் நடக்கும் எதையும் கண்டுபிடிக்க முடிகிறது. தண்ணீர் கொஞ்சமும் அமுங்காததாக இருந்தால் இந்த நோட்டுக்குப் பாதி வேலை இருக்காது. ஆட்டோ மெக்கானிக் பிரேக்கை மிதித்துப் பார்த்து 'மெத்துன்னு போகுது, ஏர் எடுக்கணும்' என்று சொல்வதும் இதே சோதனைதான், காலால் செய்வது. பிரேக் ஆயில் அமுங்குவது கால் உணராத அளவு. ஒரு குமிழி காற்று அமுங்குவது பெடலில் தெரிந்துவிடும். எண்ணூர் விரைவுச் சாலையில் போகும் கன்டெய்னர் லாரிகளின் பிரேக்கோ காற்றாலேயே ஓடுவது, அது தனிக் கதை.

வெயிலும் இதில் ஒரு கட்சி. மூடிய குழாயில் தண்ணீர் ஒரு டிகிரி சூடானால், அது விரியப் பார்க்கும்; விரிய இடமில்லை; மிகக் கொஞ்சமே அமுங்கும் பொருள் என்பதால் அந்தச் சிறு விரிவே பெரிய அழுத்தமாக மாறும். மேலே சொன்ன அளவுள்ள குழாயில் ஒரு டிகிரிக்கு மூன்று பாருக்கு மேல் ஏறும். குழாயே நெகிழாதிருந்தால் ஆறு பார்கூட ஏறும். மாலையில் பிடித்து வைத்த அழுத்தம் விடியற்காலையில் பத்து பார் இறங்கியிருந்தால் ஓட்டை என்று பதற வேண்டாம், இரவுக் குளிரில் வெப்பநிலை மூன்று டிகிரி இறங்கியிருக்கலாம். அதனால்தான் இருபத்து நாலு மணி நேரம் அழுத்தம் பிடிக்கும்போது அழுத்தத்தோடு வெப்பநிலையையும் சேர்த்துப் பதிவு செய்கிறார்கள். சமையல் எரிவாயு சிலிண்டரை நிரப்பும் இடத்திலும் இதே பயம்தான். 14.2 கிலோ சிலிண்டரின் தண்ணீர்க் கொள்ளளவு 33.3 லிட்டர். திரவ வாயு அதில் முழுக்க நிரப்பப்படுவதில்லை, கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு இடம் ஆவிக்கென்று விடப்படுகிறது. கழுத்துவரை திரவத்தை நிரப்பி வெயிலில் வைத்தால், விரிவதற்கு இடமில்லாத திரவம் உருளையைக் கிழித்துவிடும். மேலே இருக்கும் ஆவி மெத்தை போலத் தாங்கிக்கொள்கிறது.

இனி காசிமேட்டுக்கு வருவோம். மீன்பிடித் துறைமுகத்திலிருந்து கிளம்பும் விசைப்படகுகளின் வீல்ஹவுஸில் இன்று ஃபிஷ் ஃபைண்டர் சாதாரணம். அடியில் பொருத்திய கருவி ஓர் ஒலித் துடிப்பை அனுப்புகிறது, எதிரொலி திரும்பி வர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்து ஆழம் சொல்கிறது. நம் கடலின் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒலி நொடிக்கு 1,540 மீட்டர் போலப் போகும். 50 மீட்டர் ஆழத்துக்குப் போய்வர நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு. அந்த வேகத்தைத் தீர்மானிப்பது தண்ணீர் எவ்வளவு அமுங்கும் என்பதுதான். ஒலி என்பதே ஓர் அடுக்குத் தண்ணீர் அமுங்கி, விரிந்து, அடுத்த அடுக்கை அமுக்குவது. தண்ணீர் அமுங்கவே அமுங்காது என்றால் மேலே தட்டிய அதே கணம் அடியில் கேட்கும். போக நேரமே எடுக்காத ஒலியை வைத்து ஆழம் அளக்க முடியாது, திரையில் மீனும் மண்ணும் பூஜ்யத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். 1826-இல் ஜெனீவா ஏரியில் கொலாடனும் ஸ்டூர்மும் அளந்தது ஒலி எடுக்கும் இந்த நேரத்தைத்தான். ஒரு படகில் தண்ணீருக்குள் மணியடித்து அதே நேரம் வெடிமருந்தைக் கொளுத்தினார்கள். பதின்மூன்று கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த மற்றப் படகில் வெளிச்சத்தைப் பார்த்ததும் கடிகாரத்தை ஓட்டி, மணியோசை வந்ததும் நிறுத்தினார்கள். 8 டிகிரி தண்ணீரில் நொடிக்கு 1,435 மீட்டர். அவர்கள் உண்மையில் தேடியது திரவங்களின் அமுங்கும் அளவை. ஒலி அதற்கு ஒரு சாட்சி.

அந்தத் திரையில் மீனாகத் தெரிவது எது என்பதும் சுவாரசியம். மீனின் சதை பெரும்பாலும் தண்ணீர், ஒலிக்கு அது அவ்வளவு வேறுபாடாகத் தெரியாது. பளிச்சென்று எதிரொலிப்பது வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப் பை. காற்று தண்ணீரைவிடப் பல்லாயிரம் மடங்கு அமுங்கும் பொருள் என்பதால் ஒலி அங்கே மோதித் திரும்புகிறது. காற்றுப் பையே இல்லாத சுறாவும் திருக்கையும், உடம்பு பெரிதானாலும் அந்த அளவுக்குப் பளிச்சிடாது.

அமுங்காத தண்ணீர் வேறொரு வகையிலும் நமக்குச் சத்துரு ஆகியிருக்கும். ஓடுகிற தண்ணீரைச் சட்டென்று வால்வை மூடி நிறுத்தினால் குழாய் 'டொம்' என்று அதிரும். மாஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்களில் இதை ஆராய்ந்த ஜூகோவ்ஸ்கி 1898-இல் வெளியிட்ட விதிப்படி, நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரை உலோகக் குழாயில் ஒரே வெட்டாக நிறுத்தினால் அழுத்தம் 10 பாருக்கு மேல் எகிறும். மொட்டை மாடித் தொட்டி தருவதோ ஒரு பார் அளவே. தண்ணீரும் குழாயும் கொஞ்சம் அமுங்கியும் புடைத்தும் அந்த இடியை வாங்கிக்கொள்வதால்தான் 10 பாரோடு போகிறது. இரண்டும் இம்மிகூட அசையாதவை என்றால் அந்த எண்ணுக்கு எல்லையே இல்லை.

காட்டுப்பள்ளியில் 2010-இல் திறந்த மீஞ்சூர் கடல்நீர் குடிநீராக்கும் நிலையத்தின் திறன் நாளுக்கு 10 கோடி லிட்டர். கடல்நீரைச் சவ்வின் வழியே பிழிய 60 பார் அக்கம்பக்கம் அழுத்தம் வேண்டும். சவ்வைத் தாண்டாத உப்புநீர் கிட்டத்தட்ட அதே அழுத்தத்தோடு மறுபக்கம் வெளியே வருகிறது. இந்த வகை நிலையங்களில் அந்த அழுத்தத்தை வீணாக்காமல், உள்ளே வரும் புதுக் கடல்நீரின் முதுகில் நேராக ஏற்றிவிட முடிகிறது. 60 பாருக்குத் தண்ணீர் கால் சதவீதமே சுருங்குவதால், தள்ளுவது ஏறக்குறைய ஒரு திடமான தண்டால் தள்ளுவது மாதிரி. நடுவில் சிந்துவது சொற்பம். பக்கத்தில் வடசென்னை அனல்மின் நிலையத்தில் கதை வேறு. தண்ணீராக இருக்கும்போது ஒரு கிலோவை 250 பாருக்கு ஏற்ற 25 கிலோஜூல் போதும். அதையே நீராவியாக வைத்து ஏற்றப் பார்த்தால் டர்பைன் தருகிற மின்சாரம் அமுக்குவதற்கே காணாது. அதற்காகத்தான் நீராவியைக் கடல்நீரால் குளிர வைத்து மறுபடி தண்ணீராக்கி உள்ளே அனுப்புகிறார்கள். 2024 மார்ச்சில் திறக்கப்பட்ட மூன்றாம் நிலையின் 800 மெகாவாட் அலகில் தண்ணீர் 221 பாரையும் 374 டிகிரியையும் தாண்டிப் போகிறது. அந்தப் புள்ளியை நெருங்கும்போது தண்ணீரின் பிடிவாதம் எல்லாம் தளர்ந்து, அது காற்றைப் போல அமுங்கத் தொடங்கிவிடும். அமுங்காத பொருள் என்று ஒன்று கிடையாது. எந்த வெப்பத்தில், எந்த அழுத்தத்தில் என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

இதே காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி கப்பல் கட்டும் தளத்தின் துறைமுகத்தில், 2025 ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி நடுவரை மத்ஸ்யா 6000 தண்ணீரில் இறக்கிச் சோதிக்கப்பட்டது. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கும் இந்த நீர்மூழ்கி வாகனத்தின் இலக்கு மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோவது. அதற்காகத் திட்டமிட்ட டைட்டானியம் உருண்டையின் உள்விட்டம் 2.1 மீட்டர், சுவர் 80 மில்லிமீட்டர். இதற்கு முன்னோட்டமாக ஓர் எஃகு உருண்டை 2021 அக்டோபரில் வங்கக் கடலில் 600 மீட்டர் ஆழத்தில் சோதிக்கப்பட்டிருந்தது. 6,000 மீட்டரில் அழுத்தம் 600 பாருக்கு மேல். அந்த டைட்டானியம் உருண்டையின் மேல் நாலா பக்கமும் விழும் சுமையைக் கூட்டினால் 80,000 டன்னுக்கு மேல் வரும். அந்தச் சுமையில் உருண்டை எவ்வளவு சுருங்கும் என்று கணக்குப் போட்டால் கன அளவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, விட்டத்தில் சில மில்லிமீட்டர். சுற்றியிருக்கும் தண்ணீரோ இரண்டரை சதவீதத்துக்கு மேல் சுருங்கியிருக்கும். உள்ளே காற்றும் மூன்று மனிதர்களும் மட்டுமே இருக்கும் வெற்று உருண்டை, தன்னைச் சுற்றியுள்ள கெட்டித் தண்ணீரைவிட விறைப்பு.

இதனால் நடைமுறைத் தொல்லை ஒன்று வருகிறது. கீழே போகப் போகத் தண்ணீர் அடர்ந்துகொண்டே வருவதால் வாகனத்துக்கு மிதப்பு கூடுகிறது. 25 கன மீட்டர் இடம் அடைக்கும் வாகனம் ஒன்று தான் சுருங்கவே சுருங்காது என்றால், 6,000 மீட்டரில் அதற்கு அரை டன்னுக்கு மேல் கூடுதல் தூக்கல் கிடைக்கும். மேலே சரியாக எடை போட்டு இறக்கியது அடியில் போய் நிற்காமல் மேலெழப் பார்க்கும். எடைக்கட்டையை இந்தக் கணக்கோடுதான் வைக்க வேண்டும். ஆழமானியும் அப்படியே. அது உண்மையில் அளப்பது அழுத்தத்தை. தண்ணீர் அடி வரை ஒரே அடர்த்தி என்று வைத்து ஆழமாக மாற்றினால் 6,000 மீட்டரில் ஏறத்தாழ 80 மீட்டர் பிசகும். பரங்கிமலை உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. துறைமுகச் சோதனையில் நீருக்கடியிலான குரல் தொடர்பு, ஆழம் போதாததால் சரியாக எடுபடவில்லை, ஆழமான இடத்தில் மீண்டும் சோதிக்க வேண்டும் என்று அப்போது சொல்லப்பட்டது. ஒலியின் போக்கு ஆழத்தைப் பொறுத்தது. அழுத்தம் ஏற ஏறத் தண்ணீர் மேலும் விறைத்து, ஒலி அங்கே வேகமெடுக்கும்.

மூதுரையில் ஔவை ஆழ்கடலில் நாழியால் தண்ணீர் மொள்வதை உவமை சொல்கிறார்: எவ்வளவு ஆழத்தில் முக்கினாலும் ஒரு நாழி நாலு நாழித் தண்ணீர் கொள்ளாது என்பது கருத்து. அவரவர் விதிக்கு மேல் பயன் கிடைக்காது என்பதற்குச் சொன்ன உவமை, அதில் பிழையில்லை. பௌதிகக் கணக்குப் பார்த்தால் மட்டும் ஒரு சிறு சேர்ப்பு உண்டு. வளையாத ஒரு லிட்டர் பாத்திரத்தை 6,000 மீட்டரில் நிரப்பி, அங்கேயே இறுக மூடி, மேலே கொண்டுவந்து திறந்தால் 26 மில்லிலிட்டர் போலத் தண்ணீர் தானாக வெளியே வரும். நாலு நாழியாகாது, ஆனால் சரியாக ஒரு நாழியும் இல்லை. இன்னும் அமுக்கினால்? ஹார்வர்டில் பெர்சி பிரிட்ஜ்மன் செய்து பார்த்தார். உயரழுத்த ஆய்வுக்காக 1946-இல் அவருக்கு நோபல் பரிசு. 10,000 வளிமண்டல அழுத்தம் அளவில் தண்ணீர் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டே சுருங்கி, அறை வெப்பத்திலேயே பனிக்கட்டியாக உறைந்துவிடும். குளிர்ப்பெட்டிப் பனிக்கட்டி மாதிரி மிதக்காது, மூழ்கும் பனிக்கட்டி. இதைவிட இறுக்கமான இன்னொரு பனிக்கட்டியின் தடயம், பூமியின் ஆழத்திலிருந்து வந்த வைரங்களுக்குள் சிக்கியிருப்பதாக 2018-இல் கண்டறிந்தார்கள்.

கடைசியாகக் கடல் மட்டம். உலகக் கடல்களின் சராசரி ஆழம் 3,700 மீட்டர் அளவு. மேல் அடுக்குகள் கீழ் அடுக்குகளின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பதால் அடித்தண்ணீர் எப்போதும் அமுங்கியபடி இருக்கிறது. அந்த அமுக்கத்தை மட்டும் நீக்கிவிட்டால், இருக்கிற இதே தண்ணீர் ஏறத்தாழ 30 மீட்டர் உயர்ந்து நிற்கும். சில மீட்டர் உயரத்திலேயே கிடக்கும் காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் எல்லாம் அப்போது கடலடி. பரங்கிமலை ஒரு தீவு. இது வெறும் கற்பனைக் கணக்கு, அமுங்காத தண்ணீர் இருந்திருந்தால் கடற்கரையும் ஊரும் ஆதியிலேயே வேறிடத்தில் அமைந்திருக்கும் என்று ஒருவர் மறுக்கலாம். அமைந்திருக்கும்தான். ஆனால் இப்போதுள்ள ஊர் இப்போதுள்ள இடத்தில் நிற்பதற்கு என்ன காரணங்கள் என்று பட்டியல் போட்டால், பத்து லட்சத்தில் 46 என்கிற அந்த எண்ணும் அதில் வரும். 1856-இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களுக்கு மேலே இருபது மீட்டருக்குக் குறையாமல் தண்ணீர் நின்றிருக்க வேண்டும். அந்தத் தண்ணீர் வங்கக் கடலின் அடியில், தன் எடையாலேயே மடங்கிக் கிடக்கிறது.